புதுப்பிப்பு: சி. எஸ். லூயிஸ் மனம் மாறிய ஆண்டு எது?

பதின்ம வயதிலேயே நாத்திகராகிவிட்ட, நார்னியா கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ், ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியராக இருந்தபோது கிறிஸ்தவரானதை முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது 1929ஆ, 1931ஆ என்று சிலர் கேட்டிருந்தார்கள். இரண்டும் வெவ்வேறு கட்டங்கள் என்பதே சுருக்கமான பதில்.

கடவுள் ஒருவர் உண்டு என்று மிகுந்த தயக்கத்துடன் மண்டியிட்டு ஒப்புக்கொண்டதை, 1955இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் 1929ஆம் ஆண்டில் வைக்கிறார். அக்காலக் கடிதங்களைக் கொண்டு அது 1930ஆகவே இருக்க வேண்டும் என்கிறார் லூயிஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய அலிஸ்டர் மெக்ராத். கால் நூற்றாண்டுக்குப் பிந்தைய நினைவைவிடக் கடிதங்களே எனக்கு நம்பகமாகத் தோன்றுகின்றன. எப்படியாயினும், அப்போது அவர் கிறிஸ்துவை ஏற்கவில்லை.

அடுத்த கட்டத்துக்கு வழிவகுத்தது, 1931 செப்டம்பர் 19 அன்று இரவு மாக்டலன் கல்லூரியின் ஆடிசன் நடைபாதையில் தொடங்கி விடியற்காலைவரை நீண்ட உரையாடல். இறந்து மீண்டெழும் தெய்வங்களைப் பற்றிய பழங்கதைகளில் உருகும் நீங்கள், அதே கதை நற்செய்தி நூல்களில் வரும்போது மட்டும் ஏன் விலகி நிற்கிறீர்கள் என்பதே அவருடைய நண்பர்களான, ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனும் ஆங்கில இலக்கிய ஆசிரியர் ஹியூகோ டைசனும் முன்வைத்த வாதத்தின் சாரம். கிறிஸ்துவின் கதையும் அவ்வாறே மனத்தில் செயல்படுகிறது, ஆனால் அது உண்மையில் நிகழ்ந்தது என்றார்கள். தர்க்கத்தில் ஊறியவரை அசைத்தது, தர்க்கத்தைவிடக் கற்பனையின் வழியாக வந்த இந்தக் கேள்விதான் என்பது என் கருத்து.

சில நாட்களில், விப்ஸ்னேட் விலங்குக் காட்சிசாலைக்கு அண்ணனின் மோட்டார் சைக்கிளில் இணைத்த பக்கவண்டியில் சென்றபோது, இயேசு கடவுளின் மகன் என்று நம்பத் தொடங்கியதாக லூயிஸ் எழுதுகிறார். டோல்கீன் கத்தோலிக்கராக இருந்தும், லூயிஸ் கத்தோலிக்கத்துக்கு மாறாமல் இங்கிலாந்துத் திருச்சபையிலேயே கடைசிவரை இருந்தார்.