வெல்லப் பாயசத்துக்கு ஏலக்காயா, பச்சைக் கற்பூரமா?

வெண்கலப்பானை: பாசிப்பருப்புப் பாயசத்துக்கு ஏலக்காய் வேண்டவே வேண்டாம், பச்சைக் கற்பூரம் போதும். வெல்லத்துக்கே கனமான மணம் உண்டு, ஏலக்காய் அதோடு மல்லுக்கட்டும். கற்பூரம் ஒதுங்கி நின்று நெய் வாசத்தைத் தூக்கிக் கொடுக்கும். ஒரு கப் பருப்பு, ஒன்றரை கப் வெல்லத்துக்கு அரிசி மணியில் பாதி.

ஏலம்: அந்தப் பாதி அரிசி மணியில்தானே வம்பே. கைப்பழக்கத்தில் ஒரு சிட்டிகை விழும். பாயசம் கசந்து, அந்துருண்டை போட்ட பீரோ மாதிரி மணக்கும். அளவு மீறினால் சின்னக் குழந்தைகளுக்குக் கற்பூரம் நஞ்சு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏலக்காய் நாலு போட வேண்டிய இடத்தில் ஆறு போட்டாலும் குடிக்கலாம். தோலை நீக்கி, விதையை மட்டும் ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு பொடித்தால் நைசாகும். இறக்கும்போதுதான் தூவணும், கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

வெண்கலப்பானை: அளவு தப்பினால் உப்பும்தான் கெடுக்கும், அதற்காக உப்பை விடுகிறோமா? கற்பூரத்தை அப்படியே போடக்கூடாது. தண்ணீரில் சரியாகக் கரையாது, ஒரு டம்ளர் கசக்கும், இன்னொன்று மணக்காது. ஒரு ஸ்பூன் இளஞ்சூட்டு நெய்யில் நசுக்கிக் கலக்கினால் சீராகப் பரவும். ஆரத்திச் சூடம் வேறு சரக்கு, அதை அடுப்படிப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

பால்கட்சி: இரண்டும் எதற்கு என்கிறேன். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் பாலும் சர்க்கரையும்தான். அம்பலப்புழைப் பால் பாயசத்தில் அவற்றோடு அரிசி, அவ்வளவே. மணிக்கணக்காகச் சுண்டுகிற பால்தான் அங்கே வாசனை. பொடி தூவுகிறவர்கள் பெரும்பாலும் அவசரத்தை மறைக்கிறார்கள்!

ஏலம்: நியாயம், ஆனால் அது சர்க்கரைப் பாயசத்துக்கு. வெல்லத்தில் புளிப்பும் உப்பும் இருக்கும், கொதிக்கிற பாகில் பாலை ஊற்றினால் திரிந்துபோகும். அதனால்தான் தேங்காய்ப்பால். அதிலும் முதல் பாலை அடுப்பை அணைத்தபின்தான் ஊற்றணும், கொதித்தால் எண்ணெய் பிரியும். சுண்டக் காய்ச்ச வழியே இல்லாத இடத்தில் மணம் வெளியிலிருந்துதான் வந்தாகணும்.

பால்கட்சி: வெளியிலிருந்து ஏன்? பருப்பைச் சிவக்க வறுங்கள். பச்சை வாசனையோடு இறக்கிவிட்டு ஏலக்காய்மேல் பழி போடுவதுதான் இங்கே நடக்கிறது. குழைய வெந்தபிறகு வெல்லம் போடணும், முன்னாடியே போட்டால் பருப்பு அப்படியே விறைத்து நிற்கும்.

வெண்கலப்பானை: வறுப்பதில் மறுப்பில்லை. ஆனால் தேங்காய்ப்பாலோடு ஏலக்காய் சேர்ந்தால் பேக்கரி பன் வாசனைதான் வரும். கேரளத்துப் பருப்புப் பிரதமனில் சுக்கும் சீரகமும் போடுகிறார்கள், அதையாவது ஒப்புக்கொள்வேன்.

ஏலம்: அதே பிரதமனில் ஏலக்காயும் போடுகிறார்கள், அதை மட்டும் விழுங்கிவிட்டீர்களே?

வெண்கலப்பானை: சரி, பால் பாயசத்தை உங்களுக்கு விட்டுத் தருகிறேன். சர்க்கரைப் பொங்கலுக்கு இரண்டும் போடலாம். வெல்லப் பாயசத்தில் மட்டும் இறங்கி வரமாட்டேன்.