நெல்லோடு நிற்கும் எலிவேட்டர்: மோட்டருக்கு என்கோடர் அவசியமா?

வணக்கம். பரந்தனுக்கு அருகே எங்கள் அரிசி ஆலையில் நெல்லை மேலே ஏற்றும் வாளி எலிவேட்டரை 7.5 கிலோவாட் மோட்டர் ஒன்று ஓட்டுகிறது. அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியான டிரைவ், என்கோடர் (மோட்டர் தண்டின் சுழற்சியை அளக்கும் உணரி) இல்லாத வெக்டர் முறையில் இயங்குகிறது. காலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மத்தியானத்தில் மின்சாரம் நின்று திரும்பியபின், வாளிகள் நெல்லோடு நிற்கும் நிலையில் தொடக்கினால், 2 ஹெர்ட்ஸைத் தாண்டுமுன் மோட்டர் உறுமி, இரண்டு தரம் உதறி, மிகைமின்னோட்டப் பிழை காட்டி நின்றுவிடுகிறது. பிறகு அடிக்கதவைத் திறந்து நெல்லைக் கையால் அள்ள வேண்டும். காலபோக அறுவடை நேரத்தில் அது பெரும்பாடு.

இம்முறையில் டிரைவ் வேகத்தை அளப்பதில்லை, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கொண்டு கணிக்கிறது. வேகம் பூச்சியத்தை அண்மிக்கையில் எதிர் மின்னியக்க விசை (சுழலும் மோட்டர் தனக்குள் உண்டாக்கும் மின்னழுத்தம்) மிகச் சிறிதாகி, ஸ்டேட்டர் எனும் நிலைச் சுருளின் தடையில் விழும் அழுத்தமே மேலோங்குவதால், அத்தடையின் பெறுமதியிலுள்ள சிறு பிழையும் கணிப்பைக் கெடுத்துவிடும். செப்புக் கம்பியின் தடை பாகைக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். 60 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட கால்வாசி. நாங்களோ ஆட்டோ டியூனிங்கை (டிரைவ் தானே மோட்டரின் தடை முதலியவற்றை அளந்து பதிந்துகொள்ளும் வேலை) விடியற்காலையில், குளிர்ந்த மோட்டரில், பெல்ட்டையும் கழற்றாமல் செய்தோம் (சோம்பல்தான், ஒப்புக்கொள்கிறேன்).

சூடான மோட்டரில், பெல்ட்டைக் கழற்றி மீண்டும் டியூன் செய்தால் போதுமா, அல்லது சுற்றுக்கு 1024 துடிப்பு தரும் என்கோடரும் அதற்குரிய கார்டும் வாங்கத்தான் வேண்டுமா? உமித்தூசியில் ஒளி வகை என்கோடர் தாங்குமா என்பதும் என் பயம். ஆலைகளில் காந்த வகையைப் பொருத்தியவர்கள் தங்கள் அனுபவத்தைத் தயவுசெய்து எழுதுங்கள்.