அஸ்தம்பட்டி பில்லிங் ஆபீஸ்: ஹிப்பாவுக்கு ஒரே ரவுட்டர் போதுமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் சின்ன மெடிக்கல் பில்லிங் ஆபீஸ் நடத்துகிறேன். அமெரிக்க கிளினிக் ஒன்று ஹிப்பா (நோயாளி விவரங்களைப் பாதுகாக்கும் அமெரிக்கச் சட்டம்) ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. இங்கே ஒரே ரவுட்டர், கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் போன்கூட அதே வைஃபையில்தான். ஹிப்பா சர்டிபிகேட் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?

பதில் 1: கொடுக்காதீங்க. அப்படிப்பட்ட எந்தச் சர்டிபிகேட்டையும் அமெரிக்க அரசு அங்கீகரிப்பதில்லை. சட்டம் கேட்பது ரிஸ்க் அனாலிசிஸ். நோயாளி விவரம் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, யார் திறக்கிறார்கள், எங்கே கசியலாம் என்று எழுதி 6 வருஷம் பத்திரமாக வையுங்கள். ஆளுக்கொரு லாகின் கட்டாயம்.

பதில் 2: அண்ணா, இன்றைக்கே கடைக்காரரை கெஸ்ட் வைஃபைக்கு மாற்றுங்கள். அப்புறம் பில்லிங் சிஸ்டங்களுக்குத் தனி விலான் (அதே ரவுட்டரில் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்).

பதில் 3: கசிவு தெரியவந்த நாளிலிருந்து கிளினிக்குக்குத் தெரிவிக்கச் சட்டப்படி அதிகபட்சம் 60 நாள். ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைவாகப் போட்டிருக்கலாம், கையெழுத்துக்கு முன் பாருங்கள்.