அடுத்த குச்சி எப்போது விழும்?

குழு: நம்ம வீடு

வெள்ளிக்கிழமை

நான், இரவு 8:12
நாளைக்கு இரண்டு வாண்டுகளையும் அழைத்துக்கொண்டு அருங்காட்சியகம் போகிறேன். அறிவியலும் வரலாறும் ஒரே கட்டடத்தில். நான்கு தளம். அவருக்கு வேலை இருக்கிறது, நான் மட்டும்தான் போகிறேன். யோசனை சொல்லுங்கள்.

பெரியக்கா, 8:15
நான்கு தளமும் பார்க்கப் போகிறாயா?

நான், 8:15
டிக்கெட் வாங்கியாகிவிட்டதே அக்கா.

பெரியக்கா, 8:19
நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். இரண்டாம் தளத்தில் ஒன்று தரையில் படுத்துவிட்டது, இன்னொன்று செருப்பைக் கழற்றி எறிந்தது. மூன்றாம் தளம் இருந்தால் நானே அழுதிருப்பேன். ஆறு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இரண்டு, மூன்று அறை போதும். திறந்தவுடனே உள்ளே போய்விடு, பள்ளிக்கூடக் கூட்டம் வருவதற்குள் பார்த்துவிடலாம். முதலில் கழிப்பறை எங்கே என்று பார், டைனோசர் எல்லாம் அப்புறம்.

தம்பி, 8:21
டைனோசர்தான் முதலில். அது இல்லாமல் என்ன அருங்காட்சியகம்?

அம்மா, 8:24
இரண்டு பேருக்கும் பளிச்சென்று ஒரே நிறச் சட்டை போட்டுவிடு. உன் போன் நம்பரைச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வை. மாற்றுத் துணி எடுத்துக்கொள்.

சித்தப்பா, 8:40
ஃபூக்கோ ஊசல் இருக்கிறதா என்று பாரம்மா.

நான், 8:43
இருக்கிறது சித்தப்பா. நடுக்கூடத்தில் என்று வரைபடத்தில் போட்டிருக்கிறது.

சித்தப்பா, 8:51
அப்படியென்றால் மற்றதெல்லாம் போனால் போகட்டும். நீளக் கம்பியில் ஆடுகிற கனத்த உலோகக் குண்டு அது. ஆடும் திசை மெல்லத் திரும்பி, சுற்றிலும் நட்ட குச்சிகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிடும். 1851இல் லியோன் ஃபூக்கோ பாரிசின் பாந்தியோன் கூடத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஊருக்கே காட்டினார். பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்பதை வானத்தைப் பார்க்காமலே, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் மூடிவிட்டுக் காட்டலாம்.

தம்பி, 8:52
சித்தப்பா, சின்னவன் இன்னும் செருப்பையே மாற்றிப் போடுகிறான்.

சித்தப்பா, 8:53
அவனுக்குக் குச்சி விழுவது போதும்டா.

சனிக்கிழமை

நான், காலை 10:22
வந்தாயிற்று. முதல் சிக்கல். பழைய துணிகள் வைத்திருக்கும் அறை ஒரே இருட்டு. சின்னவன் பேய் வீடு என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பெரியக்கா, 10:24
வெளிச்சம் பட்டால் சாயம் வெளுத்துவிடும். துணி, காகிதம் என்றால் பெரும்பாலும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மங்கலாகத்தான் விளக்குப் போடுவார்கள். ஒருமுறை வெளுத்தால் வெளுத்ததுதான். துணியெல்லாம் தூங்குகிறது, விளக்குப் போட்டால் எழுந்துவிடும் என்று சொல்லிப் பார்.

நான், 10:31
பலித்தது. வாயில் விரலை வைத்துக்கொண்டு எல்லோரையும் "உஷ்" என்று அதட்டிக்கொண்டே போகிறான். காவலருக்கும் ஒரு "உஷ்" கிடைத்தது.

நான், 10:58
அவசரம். எகிப்து அறை. மம்மியைப் பார்த்துவிட்டுப் பெரியவள் கேட்கிறாள்: "இவரிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே வைத்தார்களா?" என்ன சொல்ல?

தம்பி, 10:59
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியக்கா, 11:01
கேட்கவில்லை என்றே சொல். பெரியவர்களே இதைப் பற்றி இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் 2020இல் மனித எச்சங்களைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டது. அவள் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை.

நான், 11:06
சொன்னேன். "அப்படியென்றால் நானும் பார்க்க மாட்டேன்" என்று பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அக்காவைப் பார்த்து இவனும் அப்படியே. பின்னால் வரிசை நிற்கிறது, இவர்கள் இருவரும் வரிசையைப் பார்த்து நிற்கிறார்கள்.

அம்மா, 11:07
கண்ணு படப் போகிறது.

நான், 11:29
இப்போது டைனோசர். "இது நிஜமா, பொம்மையா?" பலகையில் வார்ப்பு என்று எழுதியிருக்கிறது.

தம்பி, 11:30
நிஜம் என்றே சொல்லிவிடேன், பாவம்.

சித்தப்பா, 11:34
வேண்டாம். நிஜ எலும்பில் அச்செடுத்து வார்த்தது என்று சொல். அதில் கேவலம் ஒன்றுமில்லை. லண்டனில் 1905இல் வைத்த டிப்பி என்ற டைனோசர் எலும்புக்கூடு முழுக்கப் பிளாஸ்டர் வார்ப்புதான், அசல் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. சிகாகோவில் சூ என்ற டி-ரெக்ஸின் எலும்புகள் பெரும்பாலும் அசல், ஆனால் நிற்கிற உருவத்துக்குத் தலை மட்டும் வார்ப்பு. அசல் மண்டையோடு தூக்கி மாட்ட முடியாத கனம் என்று தனிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

நான், 11:38
தப்பு செய்துவிட்டீர்கள் சித்தப்பா. இப்போது ஒவ்வொரு எலும்புக்கும் "இது நிஜமா" என்று கேட்கிறாள். அடுத்த கேள்வி: டைனோசர் இருந்தபோது பாட்டி பிறந்துவிட்டாளா?

அம்மா, 11:39
நல்ல கேள்வி!

பெரியக்கா, 11:44
பாட்டியை விடு. அங்கே நீளமான நடைபாதை இருக்கிறதா? ஒரு எட்டு வைத்தால் ஒரு கோடி வருஷம் என்று வைத்துக்கொள்ளச் சொல். டி-ரெக்ஸ் அழிந்தது 6.6 கோடி ஆண்டுக்கு முன், ஆறரை எட்டு. முதுகில் தகடு வைத்த ஸ்டெகோசாரஸ் ஏறக்குறைய 15 கோடி, பதினைந்து எட்டு. வகுப்பில் இதைச் செய்யும்போதெல்லாம் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அவை இரண்டும் சண்டை போடுகிற மாதிரி படம் வரைகிறார்களே, ஒன்றையொன்று பார்த்தே இருக்காது. டி-ரெக்ஸ் அதைவிட நமக்குத்தான் கிட்டத்து ஆள்.

தம்பி, 11:45
என்னிடம் அந்தச் சண்டை பொம்மை செட் இருந்ததே!

நான், 11:57
நடந்தோம். பதினைந்தாவது எட்டில் சின்னவன் ஒரு தாத்தா மேல் மோதினான். அப்புறம் அவள், "மனுஷங்க எங்கே?" என்றாள்.

பெரியக்கா, 11:59
நம் இனத்துக்கு 3 லட்சம் ஆண்டு என்று வை. அவள் எட்டில் கட்டைவிரல் அகலம்கூட வராது.

நான், 12:03
தரையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாட்டியும் அதற்குள்தானா என்கிறாள்.

நான், 12:15
முடி சிலிர்க்கிற மின்சார உருண்டை, வான் டி கிராஃப். சின்னவனுக்குப் பிடிக்கவில்லை, பார்த்ததும் ஓடிவிட்டான்.

சித்தப்பா, 12:16
என்னை அழைத்துப் போயிருக்கலாம். எழுந்து நிற்க என் தலையில் ஒன்றுமில்லை, பயமும் இல்லை. ஊசலுக்குப் போனாயா?

நான், 12:20
இப்போதுதான் வந்தோம். சுற்றிலும் வட்டமாகச் சின்னக் குச்சிகள் நட்டிருக்கிறார்கள். பாதி விழுந்து கிடக்கிறது. இவ்வளவு மெதுவாகவா ஆடும்?

சித்தப்பா, 12:21
பத்து முறை போய்வர எத்தனை வினாடி? பெரியவளை எண்ணச் சொல்.

நான், 12:24
80.

சித்தப்பா, 12:26
ஒருமுறை போய்வர 8. அதை அதனாலேயே பெருக்கி நாலால் வகுத்தால் கம்பியின் நீளம் ஏறக்குறைய மீட்டரில் வந்துவிடும். எட்டெட்டு 64, நாலால் வகுத்தால் 16. கம்பி ஏறக்குறைய 16 மீட்டர். குண்டின் எடை இந்தக் கணக்கில் வரவே வராது.

நான், 12:28
பலகையில் 15.8 என்று இருக்கிறது! இங்கே நிற்கிற வேறொரு குழந்தையின் அப்பா என் போனையே எட்டிப் பார்க்கிறார். யார் தள்ளிவிடுகிறார்கள் என்று பெரியவளுக்குத் தெரிய வேண்டுமாம்.

சித்தப்பா, 12:32
காற்றில் உரசி மெல்ல நின்றுவிடும், அதனால் மேலே ஒரு மின்காந்தம் வைத்து, இழந்த வேகத்தை மட்டும் ஈடுகட்டுவார்கள். பக்கவாட்டில் யாரும் தள்ளுவதில்லை. துருவத்தில் தொங்கவிட்டால் ஆடும் திசை 24 மணி நேரத்தில் ஒரு சுற்றுத் திரும்பிவிடும், பாரிசில் கிட்டத்தட்ட 32, நிலநடுக்கோட்டில் திரும்பவே திரும்பாது.

நான், 12:37
சுருக்கிச் சொன்னேன். "குண்டு நேராத்தான் போகுது, குச்சிதான் நடந்து வருது" என்கிறாள்.

சித்தப்பா, 12:37
ஆ!

சித்தப்பா, 12:38
குரல் பதிவு, 1:52

தம்பி, 12:40
சித்தப்பா அழுகிறாரா?

நான், 12:49
இன்னும் இங்கேதான். சின்னவன் குப்புறப் படுத்து ஒரே குச்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். குண்டு உரசுகிறது, குச்சி ஆடுகிறது, விழவில்லை. மேலே இன்னும் இரண்டு தளம் இருக்கிறது.

பெரியக்கா, 12:50
இருக்கட்டும். மேலே ஏறாதே.

நான், 12:56
விழுந்துவிட்டது!! நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குள் விழுந்துவிட்டது. அம்மா பார்க்கவில்லை என்று அவன் ஓவென்று அழுகிறான். அடுத்த குச்சி வரை நிற்க வேண்டுமாம்.

சித்தப்பா, 12:57
போனைப் பைக்குள் போடம்மா.

அம்மா, 1:10
ஐயோ, என்ன விழுந்தது? யார் மேல் குச்சி விழுந்தது? பிள்ளை ஏன் அழுகிறான்?