தேக்கு பாடி கிட்டார் 4.6 கிலோ: எங்கே குடையலாம்?

கேள்வி: மதுரையில ஆசாரிகிட்ட குடுத்து செஞ்ச ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்ங்கிற எலக்ட்ரிக் கிட்டார்) வடிவம். பழைய வீட்டு உத்திரத் தேக்கு, 45 மி.மீ. கனம், பிரிட்ஜ் (பாடியில கம்பியைத் தாங்குற பாகம்) ஹார்ட்டெயில், அதாவது அசையாத வகை. அரை கிலோ குறையுமா?

பதில் 1: பிக்கார்டுக்கு (முன்பக்க மூடித் தகடுக்கு) அடியில 25 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட்டால (அடி தட்டையா துளை போடுற பிட்) 30 மி.மீ. ஆழத்துக்குத் துளை போடலாம் அண்ணே. தேக்கு கன செ.மீ.க்கு சுமார் 0.65 கிராம், ஒரு துளைக்குப் பத்து கிராம்கூடத் தேறாது. பன்னெண்டு போட்டா 115 கிராம், அவ்வளவுதான். பிட்டோட நடுமுனை இன்னும் 3, 4 மி.மீ. இறங்கும், பார்த்து. நெக் பாக்கெட் (கழுத்து உட்காருற பள்ளம்), பிரிட்ஜ் ஸ்க்ரூவைச் சுத்தி 15 மி.மீ. தொடாதீங்க.

பதில் 2: துளையெல்லாம் அப்புறம். முதல்ல பின்பக்கம் முழுசா 5 மி.மீ. இழைக்கச் சொல்லுங்க, அதுலயே 300 கிராம் போயிரும். ட்ரெமோலோவா (அசையுற பிரிட்ஜ்) இருந்தா அதோட உலோகக் கட்டை பின்னாடி துருத்தும். ஹார்ட்டெயிலுக்கு அந்தத் தொல்லை இல்ல. ஆனா நெக் ஸ்க்ரூவையும் 5 மி.மீ. குட்டையா மாத்தணும். பழசையே முடுக்குனா ஃபிரெட்போர்டை (கழுத்து மேல விரல் வைக்கிற பலகையை) பொத்துக்கிட்டு வரும்.

பதில் 3: பாடி இளைச்சா தலைப்பக்கம் சாயும். கனமான வார்ப்பு மெஷின்ஹெட்டை (தலைப்பக்கம் கம்பி முறுக்குற சாவிகளை) கழட்டிட்டு, பின்பக்கம் திறந்த பல்சக்கர வகை போடுங்க. எடையும் குறையும், சாயவும் செய்யாது.