ஆக்சிமீட்டருக்கு ‘செறிவுமானி’ வேண்டாம், ‘நிரம்பல்மானி’ சரி

அனைவருக்கும் வணக்கம்.

விமானிகள் பறக்கும்போது ரத்த ஆக்சிஜனைப் பார்த்துக்கொள்ளும் கருவியான ஆக்சிமீட்டரைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்கு ‘உயிர்வளிச் செறிவுமானி’, ‘விரல்மானி’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை.

வேதியியல் பாடத்தில் செறிவு என்றால் கரைசலில் ஒரு பொருள் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது. உயரத்தில் நடப்பது வேறு. 30,000 அடியிலும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 விழுக்காடுதான். குறைவது அழுத்தம், 18,000 அடியிலேயே அது கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. அதனால்தான் ஆக்சிஜன் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குப் போதுமான அளவு ஏறுவதில்லை. ‘செறிவு குறைந்தது’ என்று எழுதினால், படிக்கிறவர் காற்றின் கலவையே மாறிவிட்டதாக நினைப்பார்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதன் ஒரு மூலக்கூறில் ஆக்சிஜன் உட்கார நான்கு இடம். இருக்கிற இடங்களில் நூற்றுக்கு எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதுதான் திரையில் தெரியும் எண். ஆகவே ‘நிரம்பல்’. இதற்கு ‘தெவிட்டல்’ என்ற சொல் பாடநூலில் இருக்கிறது. ஆனால் ஒரு நர்ஸ் ‘தெவிட்டல் 85’ என்று சொல்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

விரல்மானியும் பொருந்தாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உடலியலாளர் கிளென் மில்லிகன் விமானிகளுக்காகச் செய்தது காதில் மாட்டும் கருவி. ஆக்சிமீட்டர் என்ற பெயரை வைத்தவரும் அவரே. பிறகு ஜப்பானில் பொறியாளர் டக்குவோ அவோயாகி, தன் அளவீட்டைக் குலைத்துக்கொண்டிருந்த நாடித்துடிப்பையே பிடித்துக்கொண்டு, தமனி ரத்தத்தை மட்டும் தனியே அளக்க 1974இல் வழி கண்டார். அந்தத் துடிப்பு பெயரிலும் இருக்கட்டும்: ‘துடிப்பு நிரம்பல்மானி’. பேச்சுக்கு ‘நிரம்பல்மானி’ போதும்.

கூடவே இன்னொன்று. உடலுக்குப் போதுமான ஆக்சிஜன் கிடைக்காத நிலையான ‘ஹைப்பாக்சியா’வுக்கு ‘மூச்சுத்திணறல்’ என்று எழுதவே கூடாது. போன வருடம் டெல்லியிலிருந்து அம்மாவோடு விமானத்தில் திரும்பும்போது அவர் விரலில் கருவியை மாட்டினேன். கை ஜில்லென்று இருந்ததால் முதலில் எண்ணே வரவில்லை. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு 91 காட்டியது, கிளம்புமுன் 97. பயணிகள் விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம் 8,000 அடி மலைமேல் இருப்பதுபோல வரை இறங்கலாம் என்று தெரிந்திருந்தும் எனக்குப் பக்கென்றது. அம்மாவோ, “நல்லாத்தானேடா இருக்கேன்” என்றார். இதேதான் விமானிக்கும் ஆபத்து. திணறல் எதுவும் இல்லாமலே யோசனை மங்கும். சிலருக்கு உற்சாகம்கூட வரும். 35,000 அடியில் அழுத்தம் போனால் தெளிவோடு செயல்பட அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்தான் கிடைக்கும். திணறட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தால் முகமூடியை எடுக்கக் கை எழாது. ‘உயிர்வளிக் குறை’ என்றே வைக்கலாம்.

இலங்கை நண்பர்கள் ஒட்சிசன் என்கிறார்கள், இங்கே ஆக்சிஜன், சிலருக்கு உயிர்வளி. நிரம்பல்மானியில் இந்த மூன்றுமே இல்லை என்பதால் எல்லோரும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இலங்கையில் மருத்துவமனையில் வேறு சொல் புழக்கத்தில் இருந்தால் எழுதுங்கள், அதையும் வைத்துப் பார்ப்போம்.