புதுப்பிப்பு: பாரோ செச்சுவில் தோங்ட்ரெல் பார்த்தாயிற்று

பாஸ்போர்ட் இல்லாமல் பூட்டான் போக முடியுமா, அங்கே பாரோ ஊரில் நடக்கும் செச்சு என்ற பௌத்தத் திருவிழாவில் தோங்ட்ரெல் என்னும் பெரிய துணிச் சித்திரத்தைப் பார்க்க எங்கே தங்குவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வாக்காளர் அட்டை போதும் என்றது சரிதான். எல்லை ஊரான புன்ஷோலிங்கில் அதைக் காட்டியே அனுமதி வாங்கினோம். இது தவிர, இந்தியர்கள் பூட்டான் அரசுக்குக் கட்டும் சுற்றுலாக் கட்டணம் ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய்.

பலித்த யோசனை, “திம்புவில் தங்காதீர்கள், கடைசி நாளுக்கு முந்தின இரவு பாரோவிலேயே இருங்கள்” என்றது. பௌத்த குரு ரின்போச்சே (பத்மசம்பவர்) உருவம் கொண்ட தோங்ட்ரெலைக் கடைசி நாள் இருட்டிலேயே விரிக்கிறார்கள். வெயில் படுவதற்குள் சுருட்டிவிடுகிறார்கள். பொழுது விடிந்து வந்தவர்களுக்கு முகமூடி நடனம்தான் மிச்சம். (அதுவும் அருமை. கூட்டத்தைக் கலாய்க்கும் அட்சரா என்ற கோமாளிகளைத் தவறவிடாதீர்கள்.)

எதிர்பாராதது இரண்டு. பூட்டான் கடிகாரம் நம்மைவிட அரை மணி முன்னால் ஓடுகிறது. விடியற்காலைக்கு அலாரம் வைப்பவர்கள் கவனிக்கவும். அப்புறம், பாரோ மலைப்பாறையில் இருக்கும் தக்த்சங் மடத்துக்குள் கேமரா, கைப்பேசி, பை எதுவும் கூடாது, வாசலிலேயே வைத்துவிட வேண்டும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.

புனாகா ஜோங் (கோட்டை மடம்) போகிறவர்கள் வழியில் தோச்சுலா கணவாயில் இறங்கி 108 சோர்ட்டன்களையும் (பௌத்த ஸ்தூபிகள்) பாருங்கள். குளிர் கடுமை.